மண்ணூரில் வழுக்காத தரை

1

இந்தத் தீபாவளியோடு நாங்கள் மண்ணூருக்கு வந்து ஒரு வருடம் ஆகிறது. பழைய அலுவலக நண்பர்கள் தொலைபேசியில் கேட்கிறார்கள்: "தமிழ்நாட்டுலயே போய் உக்காந்திருக்க. கோயில், கச்சேரின்னு ஏதாவது எழுதக்கூடாதா?" வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போயிருக்கிறோம். நல்ல கோயில். ஆனால் இந்த ஒரு வருடத்தில் எங்கள் வீட்டில் அதிகம் பேசப்பட்ட விஷயம், ஹாலுக்கு என்ன தரை போடுவது என்பதுதான். எனவே அதைப் பற்றித்தான் என்னால் எழுத முடியும்.

முதலில், நாங்கள் இங்கே என்ன செய்கிறோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில், பினாங்கில் என் மனைவி மாலினி வேலை பார்த்த மின்னணு நிறுவனம் மண்ணூருக்குப் பக்கத்தில், ஸ்ரீபெரும்புதூரில் கிளை திறந்தது. தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு அவளை அனுப்பினார்கள். பட்டர்வொர்த்தில் நிருபராக இருந்த நான், வேலையை விட்டுவிட்டு, ஐந்து வயது கவினையும் கைக்குழந்தை இனியாவையும் பார்த்துக்கொள்ளக் கூடவே வந்தேன். காலையில் கம்பெனி பஸ் வந்து மாலினியை ஏற்றிக்கொண்டு போகும். நான் வாசலில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கையாட்டுவேன். டீக்கடையில் இருப்பவர்கள் இதைத் தினமும் பார்க்கிறார்கள். அவர்களுக்கு இன்னும் பழகவில்லை.

காஞ்சிபுரத்தில் வெளிநாட்டவர் பதிவுக்குப் போனபோது, மேசைக்குப் பின்னால் இருந்தவர் எங்கள் தாள்களைப் புரட்டி, "ஒய்ஃப் உங்க டிபெண்டென்ட். சரி" என்று எழுதப் போனார்.

"இல்லைங்க. நான்தான் அவங்களோட டிபெண்டென்ட்" என்றேன்.

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு டீ சொன்னார். எனக்கும் சேர்த்துத்தான். அனுதாபம் என்று நினைக்கிறேன்.

எங்கள் வீட்டுச் சொந்தக்காரர் ஏகாம்பரம், நாங்கள் வந்த வாரத்திலேயே கேட்டுவிட்டார். "சார், நீ லீவுல கீறியா, இன்னா?"

"இல்லைங்க. வீட்டுலதான் இருக்கேன்."

"அத்தான் கேக்கறேன். லீவு எப்ப முடியும்?"

2

ஏகாம்பரத்தின் நிலத்தில் ஒரு பகுதி தொழிற்பேட்டைக்குப் போய்விட்டது. மிச்சத்தில் வாடகைக்கு வீடுகள் கட்டுகிறார். மாடியில் தூத்துக்குடிப் பக்கத்து இளைஞர்கள் அறை எடுத்துத் தங்கி மூன்று ஷிப்டிலும் வேலைக்குப் போகிறார்கள். அவர்கள் அறையில் எந்த நேரத்திலும் யாராவது ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார். கீழே நாங்கள். மலேசியாவிலிருந்து குடும்பம் வருகிறது என்று கேள்விப்பட்டதும், கீழ்வீட்டு ஹாலில் நன்றாக இருந்த மொசைக் தரையின் மேலேயே புது டைல்ஸ் ஒட்டிவிட்டார் ஏகாம்பரம். பால் வெள்ளை. டியூப்லைட் அதில் தெரியும். டியூப்லைட்டுக்குள் செத்துக் கிடக்கும் பூச்சிகளும் தெரியும்.

"கண்ணாடி மாதிரி கீதுல்ல சார்? குனிஞ்சி தலை சீவிக்கலாம்."

இந்தப் பக்கத்தில் வீட்டைத் துடைத்தால் மட்டும் போதாது, கழுவவேண்டும். வெள்ளிக்கிழமை காலையில் ஹாலில் வாளி வாளியாகத் தண்ணீரை ஊற்றி, துடைப்பத்தால் தள்ளி, சுவரோரத்து ஓட்டை வழியாக வெளியே விடுகிறார்கள். அந்த ஓட்டையை நோக்கிச் சரிவு வைத்துத்தான் தரையே போடுகிறார்கள். நான் துடைப்பானும் வாளியுமாக நிற்பதைப் பார்த்த ஏகாம்பரத்தின் மனைவி கன்னியம்மா, "ஒட்டடகுச்சில ஈரத்துணிய சுத்திக்கினு இன்னா சார் வெளயாடற? நவுரு" என்று சொல்லி அந்தப் பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டார். வெள்ளிதோறும் எங்கள் ஹாலில் ஒரு சிறிய வெள்ளம் வந்து வடியும். கவின் அதற்காகவே பள்ளிக்குப் போக மறுப்பான்.

இனியா முதல் பிறந்தநாள் முடிந்த கையோடு நடக்கத் தொடங்கினாள். இரண்டு கைகளையும் தோள் உயரத்துக்குத் தூக்கி, யாரோ துப்பாக்கி காட்டியதுபோல நடப்பாள். அப்படி நடந்துகொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை, வடியாமல் நின்ற ஈரத்தில் கால் வழுக்கி விழுந்தாள். தாடையில் இரண்டு தையல்.

காயம் ஆறிவிட்டது. நடை திரும்பவில்லை. அதற்குப் பதிலாக உட்கார்ந்தபடியே பயணம் செய்யக் கற்றுக்கொண்டாள். ஒரு காலை மடக்கி, மறு காலை நீட்டி, வலது கையைத் துடுப்பாகப் போட்டு, அந்தப் பளபளப்பில் ஹாலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு வழுக்கிக்கொண்டு போவாள். வேகம் குறைவில்லை. சமையலறைத் திருப்பத்தில் மட்டும் கொஞ்சம் அகலமாகச் சுற்றுவாள். தெருவில் இறக்கிவிட்டால் காலை மடக்கிக்கொண்டு, தூக்கச் சொல்லி அழுவாள். தூக்க எப்போதும் யாராவது இருப்பார்கள்.

ஸ்ரீபெரும்புதூர் டாக்டர் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கால்ல ஒண்ணுமில்ல. அவளுக்குத் தரை மேல நம்பிக்கை போயிடுச்சு. புடிச்சு நிக்க வெக்காதீங்க, அவளே எழுந்திருக்கணும். முடிஞ்சா வழுக்காத தரையா பாருங்க."

பினாங்கில் மாலினியின் அக்கா சரோஜா இருக்கிறார். மருத்துவமனையில் மூத்த தாதி. வார்டில் அவர் நடந்து வந்தால் நோயாளிகள் தாங்களாகவே தலையணையைச் சரிசெய்துகொள்வார்கள். அவரிடம் நாங்கள் இந்த விஷயத்தைச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் கவின் சொல்லிவிட்டான்.

"பெரிமா, பாப்பா வியுந்துச்சு. ரெத்தம் வந்துச்சு. இப்ப குந்திக்கினே போவுது."

"மாலினி, இவன் என்ன பாஷை பேசறான்?" என்று கேட்டார் அக்கா. பிறகு அர்த்தம் பிடிபட்டு, "யாரு விழுந்தா?" என்றார்.

மாலினி எல்லாவற்றையும் சொன்னாள். அக்கா கத்தவில்லை, கத்தியிருந்தால் எங்களுக்குப் பயம் குறைவாக இருந்திருக்கும். "தீபாவளிக்கு நான் வர்றேன் லா. அதுக்குள்ள நடந்துட்டா சரி. இல்லன்னா பாப்பாவ நான் கூட்டிட்டு வந்துடறேன். இங்க பயிற்சி குடுக்க ஆளு இருக்கு, நானும் இருக்கேன். நீங்க வேலைய பாருங்க."

மாலினி தொலைபேசியை வைத்துவிட்டு அந்த வெள்ளைத் தரையிலேயே உட்கார்ந்தாள். "அக்கா சொன்னா செய்வாங்க" என்றாள். "இனியாவ அனுப்பிட்டு நான் இங்க எந்தத் தரத்தக் கட்டுப்படுத்தறது?"

இனியா வழுக்கிக்கொண்டு வந்து அம்மாவின் மேல் மோதி நின்றாள்.

3

பக்கத்து மனையில் ஏகாம்பரம் புது வீடு கட்டிக்கொண்டிருந்தார். சுவர் பூசியாகிவிட்டது. ஹாலில் டைல்ஸ் ஒட்டுவதற்காக அடித்தளம் மட்டும் போட்டு வைத்திருந்தார்கள்: சிமெண்ட் கலவை, மேலே பிடிமானத்துக்காகச் சொரசொரப்பாக விடப்பட்டது. குழந்தை விழுந்ததிலிருந்து ஏகாம்பரத்துக்கு மனசு சரியில்லை. ஒருநாள் வந்து சொன்னார். "சார், அந்த வூட்டுக்கு நீயே வந்துடு. ஹாலுக்கு இன்னா போடறதுன்னு நீ சொல்லு. கொழந்தைக்கோசரம் சொல்றேன். நீ சொல்றதுதான்."

அவர் மனதாரத்தான் சொன்னார். ஆனால் மண்ணூரில் ஒருவர் வீட்டுத் தரை அவருடைய சொந்த விஷயம் அல்ல. அன்று மாலைக்குள் எல்லோருக்கும் ஒரு கருத்து உண்டாகிவிட்டது.

"கிரானைட்டு போடு சார். கறுப்பு. காலத்துக்கும் நிக்கும்" என்றார் ஏகாம்பரம், முடிவை என்னிடம் விட்டுவிட்டதாகச் சொன்ன அதே மூச்சில்.

"கறுப்புல கொழந்த வியுந்தா தெரியுமாய்யா?" என்றார் கன்னியம்மா. "மொசைக்குதான் ராசி. இருந்த மொசைக்க மூடிட்டுத்தான இந்த வெள்ளைய ஒட்டன? அன்னிக்கே சொன்னேன்."

மேஸ்திரி ஞானமணி மார்பிள் கட்சி. சென்னையில் ஒரு பெரிய வீட்டுக்கு மார்பிள் போட்டிருக்கிறாராம். அந்த வீட்டில் இதுவரை யாருமே விழுந்ததில்லை என்றார். பிறகு விசாரித்தபோது, அந்த வீட்டில் இதுவரை யாருமே குடிவரவில்லை என்று தெரிந்தது.

மாடியில் இருக்கும் செல்வின் இரவு ஷிப்ட் முடிந்து படியேறப் போனவன் நின்றான். "அண்ணாச்சி, வழவழன்னு இருக்கணும். சட்டையக் கழட்டிட்டு வெறும் முதுகுல படுத்தா சில்லுன்னு ஏறணும் பாத்துக்கிடுங்க. வேற என்னத்துக்குத் தரை?"

கார்ப்பெட் போடலாமா என்று மாலினி மெதுவாகக் கேட்டாள்.

"கம்பளமா? புள்ள மூத்திரம் வுட்டா எப்டிம்மா கழுவி வுடுவ?" என்றார் கன்னியம்மா. கார்ப்பெட் அதோடு முடிந்தது.

நான் பத்திரிகைக்காரன். கருத்துகளை நம்பக்கூடாது, நேரில் போய்ப் பார்க்கவேண்டும் என்று பழக்கியிருக்கிறார்கள். எனவே இனியாவைத் தூக்கிக்கொண்டு பூந்தமல்லி சாலையில் உள்ள ஒரு டைல்ஸ் கடைக்குப் போனேன். மாதிரிக்காகத் தரையில் பல ரகங்களைப் பதித்து வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றிலும் அவளை உட்காரவைத்துப் பார்ப்பது என் திட்டம்; எதில் எழுந்து நிற்கிறாளோ அதை வாங்கிவிடலாம்.

ஒவ்வொன்றிலும் அவள் வழுக்கிக்கொண்டு போனாள். கறுப்பிலிருந்து சாம்பலுக்கு, சாம்பலிலிருந்து மரவண்ணத்துக்கு. விற்பனையாளர் இளைஞர், நெற்றியில் திருநீறு, வேலைக்குப் புதிது. என் நோக்கம் அவருக்குத் தெரியாது. கூடவே குனிந்தபடி நடந்து வந்து உற்சாகமாகச் சொன்னார்: "பாருங்க சார், நம்ம ஐட்டம் எல்லாத்துலயும் பாப்பா சூப்பரா போவுது. எங்கியுமே தடை இல்ல பாருங்க."

குளியலறைக்குப் போடும் சொரசொரப்பு டைல்ஸ் இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. கையகல மாதிரி. ஹாலுக்கு என்றதும் அவர் முகம் மாறியது. "சார், ஹாலுக்கு பாத்ரூம் டைல்ஸ் போட்டா, வர்றவங்க செருப்பு எங்க விடறதுன்னு குழம்பிடுவாங்க." அதைக் கேட்டபோது, ஏகாம்பரமும் அப்படியே சொல்வார் என்று தோன்றியது. சொன்னார்.

4

இந்த இடத்தில் எங்களுக்கு நம்மூர் ஞாபகம் வந்தது தவிர்க்க முடியாதது.

தீக்காரைப் பற்றி மலேசியாவில் இருக்கும் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் மண்ணூரில் அதை விளக்கி விளக்கி எனக்குப் பழகிவிட்டது: பூப்போட்ட, ரப்பர் மாதிரியான விரிப்பு, கடையில் பெரிய உருளையாக நிற்கும், அளவு சொன்னால் வெட்டித் தருவார்கள், ஹாலில் சுவருக்குச் சுவர் விரிப்போம். தீபாவளிக்குச் சட்டை வாங்காதவர்கள்கூட புதுத் தீக்கார் வாங்குவார்கள். பழையதை எடுப்பதில்லை. அதன் மேலேயே விரிப்போம். ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தால், போன வருடத்து நீலக் கட்டம், அதற்கு முந்தின வருடத்துக் கொடிப்பூ என்று வீட்டின் வரலாறு அடுக்கடுக்காகத் தெரியும். மாலினியைப் பெண் பார்க்கப் போனபோது, என்ன பேசுவதென்று தெரியாமல், கால் விரலால் தீக்காரின் மூலையை நெம்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சரோஜா அக்கா பார்த்துவிட்டார். "மாப்பிள்ளைக்கு அடியில என்ன வேணும்?" என்று கேட்டார். சபையில் எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. பின்னொரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்த அக்கா, காப்பியைக் கையில் வாங்கும் முன்பே, குனிந்து எங்கள் தீக்காரின் மூலையைத் தூக்கிப் பார்த்தார். அது அவருக்கும் உள்ள பழக்கம்.

அத்தனை அடுக்கின் மேல் விழுந்தால் குழந்தைகளுக்கு அடிபடாது. கவின் அதில்தான் நடை பழகினான். எங்களுக்கு வழி தெரிந்துவிட்டது என்று நினைத்தோம். பினாங்கிலிருந்து வேலையாக வந்த மாலினியின் சகா ஒருவர், சிவப்பு ரோஜா போட்ட தீக்கார் உருளை ஒன்றை விமானத்தில் கொண்டுவந்தார்.

மீனம்பாக்கத்தில் சுங்க அதிகாரி அந்த நீள உருளையைத் தட்டிப் பார்த்து, உள்ளே என்ன என்று கேட்டாராம். "ஒன்றுமில்லை, இதுதான்" என்றாராம் சகா. ஒன்றுமில்லாததை யாராவது இவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு வருவார்களா? பிரிக்கச் சொன்னார்கள். வருகைக் கூடத்தின் நடுவில் ரோஜாத் தோட்டம் விரிந்தது. இன்னொரு விமானத்தில் வந்தவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒரு பாட்டியம்மா பையை வைத்துவிட்டு அதில் உட்கார்ந்துவிட்டாராம். அதிகாரி இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்து பார்த்துவிட்டு, "சரி, சுருட்டுங்க" என்றாராம்.

வெள்ளை டைல்ஸ் மேல் சுவருக்குச் சுவர் விரித்தோம். இனியாவை நடுவில் இறக்கினோம். அவள் ரோஜாக்களைத் தடவிப் பார்த்தாள். பிறகு மடக்கினாள், நீட்டினாள், துடுப்புப் போட்டாள். இதுவரை இல்லாத வேகம். சமையலறைத் திருப்பத்தில்கூடத் தடுமாறவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் கவினைப் பள்ளிக்குக் கிளப்பிக்கொண்டிருந்தேன். கன்னியம்மா வழக்கம்போல வந்தார். இந்த ஊரில் பிறந்த யாரும் ஹாலில் சுவருக்குச் சுவர் விரிப்பு போடமாட்டார்கள். தண்ணீர் எங்கே போகும்? எங்கள் ஊரில் பிறந்த யாரும் ஹாலில் வாளித் தண்ணீரை ஊற்றமாட்டார்கள். இரண்டு பழக்கங்களும் எங்கள் வீட்டில்தான் சந்தித்தன. தண்ணீர் ஓரத்தில் புகுந்தது. ரோஜாத் தோட்டம் மெல்ல உப்பி, தரையைவிட்டு எழுந்தது. கவின் ஓடிவந்து அதன் நடுவில் குதித்தான். "கப்பலு! அப்பா, கப்பலு!"

"இன்னா சார் இது, வூட்டுக்குள்ள ஏரி வந்துட்ச்சு" என்றார் கன்னியம்மா, வாளியைக் கீழே வைக்காமல்.

உள்ளே புகுந்த தண்ணீர் வெளியே வர மறுத்தது. சில நாட்களில் ஒரு வாசனை வந்தது. தீக்காரை மொட்டைமாடியில் காயப்போட்டு, சுருட்டி, கதவுக்குப் பின்னால் நிறுத்தினோம்.

5

தீபாவளி நெருங்கியது. ஞானமணி மேஸ்திரி பொறுமை இழந்தார். "சார், இன்னிக்கு முடிவு சொல்லுங்க. இல்லன்னா நான் படப்பையில வேற வேல ஒத்துக்குவேன்." ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் புது வீட்டு ஹாலில் கூடினோம். சுவரோரம் மாதிரிக் கற்கள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. மாலினி இனியாவைச் சிமெண்ட் தளத்தில் இறக்கிவிட்டு, ஒவ்வொரு கல்லாக ஈரக்கையால் தேய்த்துப் பார்த்தாள்.

"இது வழுக்குது."

"தண்ணி ஊத்துனா எல்லாந்தாம்மா வழுக்கும்" என்றார் மேஸ்திரி. "மார்பிள்ல வழுக்கறதுகூட ஒரு மரியாதையா வழுக்கும்."

"அப்போ தண்ணியே ஊத்தாதீங்க."

"ஊத்தாம?" என்று கன்னியம்மா முன்னால் வந்தார். "வெள்ளிக்கெயம அதுவுமா வூட்ட காய வுடச் சொல்றியாம்மா?"

"கிரானைட்டுன்னா..." என்று தொடங்கினார் ஏகாம்பரம்.

"நீ சும்மா இருய்யா. உன் கிரானைட்டாலதான் பேஜாரு."

"நான் இன்னும் போடவே இல்லியே!"

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். நான் குழந்தையைத் தேடினேன்.

இனியா ஹாலின் நடுவில் இருந்தாள். எதிர்ச்சுவரோரம் மேஸ்திரியின் ரசமட்டம் கிடந்தது: மட்டம் பார்க்கும் கட்டை, நடுவில் கண்ணாடிக்குழலில் மஞ்சள் திரவம், அதற்குள் ஒரு குமிழி. அது அவளுக்கு வேண்டும். காலை மடக்கினாள், நீட்டினாள், துடுப்புப் போட்டாள். நகரவில்லை. சொரசொரப்பான சிமெண்ட் அவள் சட்டையைப் பிடித்து இழுத்தது. மறுபடி தள்ளினாள். உறுத்தியிருக்க வேண்டும், கீழே குனிந்து தரையைப் பார்த்தாள். தூக்கச் சொல்லி எங்களைப் பார்த்து ஒரு சத்தம் கொடுத்தாள். கிரானைட் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. என்னைத் தவிர. நான் தூக்கப் போனேன், டாக்டர் சொன்னது ஞாபகம் வந்து அப்படியே நின்றேன்.

அவள் இரண்டு கைகளையும் ஊன்றினாள். பின்பக்கத்தைத் தூக்கினாள். நின்றாள். கைகள் தோள் உயரத்துக்குப் போயின. ரசமட்டம் வரைக்கும் நடந்து போய், குனிந்து, குமிழியை விரலால் குத்திப் பார்த்தாள்.

பேச்சு ஒவ்வொருவராக நின்றது. கடைசியாக நின்றது ஏகாம்பரத்தின் குரல்.

"நடக்கறா" என்றாள் மாலினி, யாரிடமும் இல்லாமல்.

வழுக்காத தரை என்று நாங்கள் தேடியது, விழாமல் இருப்பதற்காக. அவளுக்குத் தேவைப்பட்டதோ, உட்கார வசதியில்லாத தரை.

6

"இத இப்படியே விட்டுடுங்க" என்று நாங்கள் சொன்னபோது, மேஸ்திரிக்குத்தான் அதிகம் வலித்தது.

"சார், இது தரையே இல்ல. தரைக்கு அடியில கீறது. நாளைக்கி இன்னொரு மேஸ்திரி வந்து பாத்தா, இது ஞானமணி வேலையான்னு காறித் துப்புவான்."

"மலேசியா பார்ட்டிக்கு தரை போடாத வூட்ட குடுத்தான் ஏகாம்பரம்னு ஊரே பேசும் சார்" என்றார் ஏகாம்பரம். அவர் குரலில் உண்மையான துக்கம் இருந்தது.

பேசித் தீர்த்தோம். மேஸ்திரி கோணிச்சாக்கால் தேய்த்துக் கூரான மணலை மட்டும் எடுத்துத் தருவார். அதற்கு மேல் தொடமாட்டார். அவர் பெயரையும் யாரிடமும் சொல்லக்கூடாது. ஏகாம்பரத்துக்கு ஒரே நிபந்தனை: விருந்தாளி வந்தால் அந்த ரோஜாப் பாயை விரித்துத் தரையை மூடிவிட வேண்டும். ஒப்புக்கொண்டோம். நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சிக் குடிபோனோம்.

விளைவு விசித்திரமாக இருந்தது. ஏகாம்பரத்தின் சம்பந்தி வீட்டார் மணிமங்கலத்திலிருந்து வந்தார்கள், தீக்காரை விரித்தோம். வசதியான தரையைக் கண்டதும் இனியா உட்கார்ந்து துடுப்புப் போட்டாள். "பாவம், வெளிநாட்டுப் புள்ளைக்கு காலு செரியில்ல போல" என்று சம்பந்தி அம்மாள் இரண்டு பழம் அதிகமாகக் கொடுத்துவிட்டுப் போனார். அவர்கள் தெருமுனை திரும்பியதும் சுருட்டினோம். இனியா எழுந்து நடந்தாள். நாங்கள் சிரித்தோம். மறுபடி யார் வரப்போகிறார்கள் என்பதை அப்போது யோசிக்கவில்லை.

7

சரோஜா அக்கா தீபாவளிக்கு முன்னதாக வந்தார். இனியாவைக் கன்னியம்மாவிடம் விட்டுவிட்டு நாங்கள் விமான நிலையம் போனோம். நல்ல மழை. அக்கா ஒரு பெட்டியும், பிளாஸ்டிக் சுற்றிய ஒரு நீள உருளையுமாக வெளியே வந்தார். புதுத் தீக்கார். "இந்த வருஷத்துக்கு. ஊதாப் பூ" என்றார். "பாப்பா நடக்கறாளா?"

"நல்லா நடக்கறா க்கா" என்றாள் மாலினி. வழி முழுவதும் நாற்கரச் சாலை வேலைக்காகத் தோண்டிப் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு பள்ளத்திலும் அக்கா உருளையைப் பிடித்துக்கொண்டார்.

நான் வீட்டு வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். ஏகாம்பரம் இஸ்திரி போட்ட சட்டையில் ஹாலின் நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கீழே சுவருக்குச் சுவர் ரோஜாக்கள். வெளிநாட்டு விருந்தாளிக்காக அவரே கதவுக்குப் பின்னாலிருந்து எடுத்து விரித்திருக்கிறார். செல்வினும் இன்னும் இருவரும் ஓரமாக மரியாதையாக நின்றார்கள்.

அம்மாவைக் கண்டதும் இனியா வந்தாள். மடக்கி, நீட்டி, துடுப்புப் போட்டு, அழகாக.

அக்கா பெட்டியைக் கீழே வைத்தார். குழந்தையைத் தலை முதல் கால் வரை பார்த்தார். அது வார்டு பார்வை. "நடக்கறான்னு சொன்ன?"

"நடப்பா க்கா."

"எப்போ?"

மாலினி என்னைப் பார்த்தாள். நான் ஏகாம்பரத்தைப் பார்த்தேன். நாற்காலியைத் தூக்கினால்தான் பாயைச் சுருட்ட முடியும். அவர் மிக லேசாகத் தலையை ஆட்டினார்: வேண்டாம்.

"சார், அது வந்து..." என்று ஏகாம்பரத்திடம் இழுத்தேன்.

"யம்மா, பிளைட்டெல்லாம் சவுகரியமா இருந்துச்சா? ஒரு காப்பி தண்ணி..." என்றார் ஏகாம்பரம்.

அக்கா அவருக்கு வணக்கம் சொல்லிவிட்டு, மாலினி பக்கம் திரும்பி, சாதாரணக் குரலில் கேட்டார். "பாப்பா பாஸ்போர்ட் எங்க வச்சிருக்க?"

மாலினியின் கண் நிறைந்துவிட்டது. அக்காவுக்கும் அதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்திருக்க வேண்டும். கைக்கு ஒரு வேலை வேண்டுமென்றோ என்னவோ, புது உருளையைச் சுவரில் சாய்த்துவிட்டு, அதை எங்கே விரிப்பது என்று பார்க்கிறவர் மாதிரி, ரோஜாத் தீக்காரின் மூலையைக் குனிந்து தூக்கினார். "போன வருஷத்தது என்ன போட்டிருக்கீங்க, பாப்போம்."

"யம்மா யம்மா, அத்த தூக்காத!" ஏகாம்பரம் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

அக்கா இன்னும் கொஞ்சம் தூக்கினார். அடியில் நீலக் கட்டமும் இல்லை, கொடிப்பூவும் இல்லை. "என்ன இது? வெறும் சிமெண்டா? வீட்டுக்குத் தரையே போடலியா?"

ஏகாம்பரம் கண்ணை மூடிக்கொண்டார்.

பெரியம்மா மூலையில் எதைத் தேடுகிறார் என்று பார்க்க இனியா முழு வேகத்தில் வந்தாள். பாயின் மடிந்த விளிம்பைத் தாண்டிச் சிமெண்டில் இறங்கியதும் சட்டென்று நின்றாள். ஒருமுறை தள்ளிப் பார்த்தாள். நகரவில்லை. சலித்துக்கொண்ட முகத்தோடு இரண்டு கையையும் ஊன்றி, எழுந்து, கைகளைத் தோளுக்குத் தூக்கி, அக்காவைக் கடந்து நடந்து போய்ப் புது உருளையைத் தட்டினாள்.

அக்கா பாயை இன்னும் கொஞ்சம் மடித்தார். இனியா திரும்பி நடந்து வந்தாள். அக்கா பாயைக் கீழே விட்டார். இனியா உட்கார்ந்தாள். மறுபடி தூக்கினார். இனியா பெரியம்மாவை முறைத்துப் பார்த்துவிட்டு எழுந்தாள். இன்னொரு முறை செய்து பார்த்தார். செல்வின் சிரிப்பை அடக்க முடியாமல் மழையில் வெளியே போனான்.

கடைசியில் அக்கா பாயை முழுவதுமாகச் சுருட்டத் தொடங்கினார். ஏகாம்பரம் தானாகவே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓரமாகப் போனார்.

"மாலினி, பசியாற என்ன வச்சிருக்க?" என்றார் அக்கா. எங்கள் குடும்பத்தில், ஒரு விஷயம் முடிந்துவிட்டது என்பதற்கு அவர் சொல்வது அதுதான்.

கன்னியம்மா இட்லியை எடுத்துவர ஓடினார். ஏகாம்பரம் தொண்டையைக் கனைத்தார். "யம்மா, தப்பா நெனச்சிக்காத. பொங்கலுக்குள்ள டைல்ஸ் போட்டுடறேன். கிரானைட்டே வோணும்னாலும்..."

"தொடாதீங்க" என்றார் அக்கா.

நேற்று தீபாவளி முடிந்தது. கன்னியம்மா வாளியோடு வந்து ஊற்றினார். சொரசொரப்பில் தண்ணீர் ஓடாமல் அங்கங்கே நிற்க, மேஸ்திரியின் பரம்பரையை நினைவுகூர்ந்தபடி துடைப்பத்தால் தள்ளினார். கவின் பட்டாசு வெடித்துவிட்டு வந்து பெரியம்மாவிடம் "பெரிமா, காது அடச்சிக்கிச்சு, இன்னா சொல்ற?" என்றான். அக்காவுக்கு இப்போது அந்தப் பாஷை புரிகிறது. நாளை மறுநாள் அவர் ஒரு பெட்டியோடு மட்டும் திரும்புகிறார்.

எங்களுக்குத் தெரிந்து, புதுத் தீக்காரைப் பிரிக்காத முதல் தீபாவளி இது. ஊதாப் பூக்கள் சுருட்டியபடியே ஹால் மூலையில் நிற்கின்றன. இனியா ஒரு நாளைக்குப் பலமுறை அதுவரை நடந்து போகிறாள். தட்டிப் பார்க்கிறாள். நடந்தே திரும்பி வருகிறாள்.